அந்த அரைப் புள்ளியை யாரும் கொடுக்கவில்லை

எங்கள் சதுரங்கக் கழகத்தின் ஆண்டுப் போட்டியில் வாத்தியாரும் பெரியவரும் மோதிய ஆட்டம் சமனில் முடிந்த மறுநாளே, "வாத்தியாரு பாவம் பார்த்து விட்டுக் கொடுத்துட்டாரு" என்ற பேச்சு ஊத்தான் மெலிந்தாங் ஒட்டுக்கடைகளில் புழங்கத் தொடங்கிவிட்டது. பேசுகிறவர்களில் பெரும்பாலோர் ஆட்டத்தைப் பார்க்காதவர்கள். பார்த்தவர்களிலும் பாதிப் பேர் முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வீட்டுக்குக் கிளம்பிவிட்டவர்கள். அந்த ஆட்டத்துக்கு நடுவராக அமர்ந்திருந்தவன் நான். இரண்டு குறிப்புத் தாள்களும் என்னிடம்தான் இருக்கின்றன. இரக்கத்தால் வந்த முடிவு அல்ல அது என்பதை அந்தத் தாள்களை வைத்தே சொல்ல முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இருவரையும் பெயர் சொல்லாமலே அறிமுகப்படுத்துகிறேன். ஊர்க்காரர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும். வாத்தியார் இடைநிலைப்பள்ளியில் கணிதம் கற்பிப்பவர். பல்கலைக்கழக நாள்களிலிருந்து ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் நடக்கும் திறந்த போட்டிகளில் ஆடிப் பழகியவர். பெரியவர் இந்த வட்டாரத்துச் செம்பனை ஆலை ஒன்றில் பாய்லர்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோட்டத்திலிருந்து வந்து சேரும் குலைகளை முதலில் ஆவியில் வேகவைக்க வேண்டும். அந்த ஆவியைத் தரும் கொதிகலனுக்கு, எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரும் ஓடுமே எரிபொருள். அந்தக் கொதிகலனின் அழுத்தமானியைக் கண்காணிப்பதுதான் அவருடைய வேலை. எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதற்காகவே சம்பளம் வாங்கிய மனிதர் அவர் என்று சொன்னால் மிகையாகாது. அதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு; ஆட்டத்தின் கடைசிப் பகுதி வரும்போது விளங்கும்.

அனைத்துலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடேயின் பட்டியலில் வாத்தியாரின் தரப்புள்ளி 1920, பெரியவரின் தரப்புள்ளி 1520. இடைவெளி 400. இந்தத் தரப்புள்ளி முறையை வகுத்தவர் அமெரிக்காவில் வாழ்ந்த ஹங்கேரிய வம்சாவளி இயற்பியல் பேராசிரியர் அர்பாட் எலோ. ஃபிடே அதை 1970ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. 400 புள்ளி இடைவெளி இருந்தால் வலியவர் ஓர் ஆட்டத்துக்கு எடுக்க வேண்டிய சராசரி 0.92, எளியவருடையது 0.08 என்று ஃபிடேயின் அட்டவணை கூறுகிறது. இதை "நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு வெற்றி" என்று பலர் தவறாகப் படிக்கிறார்கள். சமனில் முடியும் ஆட்டத்துக்கு இருவருக்கும் அரைப் புள்ளி உண்டு என்பதால், அந்த 0.92 என்ற எண்ணுக்குள்ளேயே சில சமன்கள் அடங்கியிருக்கின்றன. அதாவது, இப்படிப்பட்ட இருவர் தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தால் அவ்வப்போது சமன் வருவது இயல்பு என்று கணக்கே ஒப்புக்கொள்கிறது. அதற்கு இரக்கம் என்ற கூடுதல் காரணம் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச் 1ஆம் தேதிக்கு முன்பு பெரியவரின் தரப்புள்ளி 1200, வாத்தியாருடையது 1867. அன்றைய தினம் ஃபிடே, 2000க்குக் கீழே இருந்த எல்லாருக்கும், 2000க்கும் அவரவர் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தில் நாற்பது விழுக்காட்டைச் சேர்த்துக் கொடுத்தது. அதனால் 667 ஆக இருந்த இடைவெளி ஒரே இரவில் 400 ஆகச் சுருங்கியது. அதன் பிறகு இருவரும் தரப்புள்ளிப் போட்டி எதிலும் ஆடவில்லை. பழைய இடைவெளிப்படி பெரியவரின் எதிர்பார்ப்பு வெறும் 0.01. இந்த இரண்டு எண்களுக்கு நடுவே அவருடைய ஆட்டம் ஓர் இம்மியும் மாறவில்லை. அவர் கறுப்பில் அன்றும் ஃபிரெஞ்சுத் தற்காப்பு என்ற அதே தொடக்க முறையைத்தான் ஆடினார், இன்றும் அதையேதான் ஆடுகிறார். தரப்புள்ளியை வைத்துக்கொண்டு "இவர் எப்படி அவரோடு டிரா செய்ய முடியும்" என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். நேரக் கட்டுப்பாடு ஆளுக்கு 60 நிமிடம். ஒவ்வொரு நகர்வுக்கும் 30 வினாடி கூடுதல். வாத்தியாருக்கு வெள்ளை. (பலகையின் நெடுவரிசைகளை ஏ முதல் எச் வரை எழுத்துகளாலும், வரிசைகளை வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்களாலும் குறிப்பது வழக்கம்.) அவர் ராஜாவின் முன்னிருந்த சிப்பாயை ஈ4 கட்டத்துக்கு நகர்த்த, பெரியவர் ஈ6 என்று பதில் கொடுத்தார். இரண்டாம் நகர்வில் நடுவில் டி4, டி5. மூன்றாம் நகர்வில் வாத்தியார் ஈ சிப்பாயை ஈ5 கட்டத்துக்குத் தள்ளினார். இந்தச் சிப்பாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நகர்வில் ஈ5 கட்டத்தில் வந்து நின்ற அது, 84ஆம் நகர்வு வரை அங்கிருந்து அசையவே இல்லை.

தன்னைவிட வலிமை குறைந்தவரோடு ஆடும்போது நடுவிலுள்ள சிப்பாய்களை மாற்றிக்கொண்டால் பலகை இரு பக்கமும் ஒன்றுபோலாகி, ஆட்டம் சப்பென்று சமனை நோக்கி நகர்ந்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் வாத்தியார் சிப்பாயை முன்னே தள்ளி இடத்தைப் பிடித்தார். சரியான முடிவு, அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இந்த வகை ஆட்டத்தில் கறுப்புக்கு இருக்கும் தீராத தொல்லை, வெள்ளைக் கட்டத்தில் ஓடும் மந்திரி. ஈ6இலும் டி5இலும் நிற்கும் சொந்தச் சிப்பாய்களே அதன் வழியை அடைத்துக்கொண்டிருக்கும். பெரியவர் அதை அலட்டிக்கொள்ளாமல் தீர்த்தார்: சிப்பாயை பி6 கட்டத்துக்கு நகர்த்தி, மந்திரியை ஏ6 கட்டத்துக்குக் கொண்டுவந்து, வெள்ளையின் அதே நிற மந்திரியோடு மாற்றிக்கொண்டார். கறுப்பின் மிக மோசமான காயும் வெள்ளையின் மிக நல்ல காயும் ஒரே நேரத்தில் பலகையை விட்டு வெளியேறின. இந்த உத்தி ஒன்றும் புதியதல்ல. ஃபிரெஞ்சுத் தற்காப்பு ஆடுகிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தெரிந்ததைச் சரியான நேரத்தில் செய்வதற்கு 1520 புள்ளி தாராளமாகப் போதும்.

இருபதாம் நகர்வு அளவில் நிலை கிட்டத்தட்டச் சமம். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "கேட்டுட வேண்டியதுதானே அண்ணே, இப்ப கேட்டா குடுத்துடுவாரு" என்று கழிவறைப் பக்கம் போன பெரியவரின் காதில் கிசுகிசுத்தார். ஆட்டக்காரரிடம் ஆட்டம் பற்றி வெளியாள் பேசுவது விதிப்படி குற்றம். நான் அவரை மண்டபத்துக்கு வெளியே அனுப்பினேன். விதி ஒருபுறம் இருக்க, அந்த ஆலோசனையே பிழையானது என்பது என் கருத்து. சமநிலையில் இருக்கும்போது எளியவர் சமன் கேட்டால், வலியவர் பெரும்பாலும் மறுத்துவிடுவார். மறுத்ததோடு, எதிரில் இருப்பவர் பயந்துபோயிருக்கிறார் என்ற தகவலையும் இலவசமாகப் பெற்றுக்கொள்வார். வலியவர் அந்தக் கோரிக்கைக்கு உடனே தலையசைக்கிறார் என்றால், அவருடைய நிலை மோசமாக இருக்கிறது, அப்போது எளியவர் கேட்டிருக்கவே கூடாது என்று பொருள். இரண்டில் எது நடந்தாலும் நட்டம் கேட்டவருக்கே. பெரியவர் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, குதிரையை நகர்த்தினார்.

24ஆம் நகர்வில் ராணிகள் மாறின. இங்கேதான் வாத்தியார் செய்த தேர்வை நான் கேள்வி கேட்பேன். ராணிகள் பலகையில் இருந்தால் எளியவர் தடுக்கி விழ நூறு இடம் இருக்கும். அவை போய்விட்டால் விழக்கூடிய இடங்கள் குறையும். ராணிகள் போன பிறகு நுட்பம் மட்டுமே ஆட்டத்தைத் தீர்மானிக்கும், நுட்பத்தில் தான் மேலானவர் என்று வாத்தியார் நம்பினார். பொதுவாக அது சரியான நம்பிக்கைதான். எந்த நுட்பம் என்பதில்தான் சிக்கல். ஒருவருக்கு இருபது விஷயம் அரைகுறையாகத் தெரியலாம். இன்னொருவருக்கு ஒரே ஒரு விஷயம் முழுமையாகத் தெரிந்திருக்கலாம்.

எப்படியோ, வாத்தியாரின் திட்டம் முதலில் பலித்தது. திறந்த சி நெடுவரிசை வழியாக அவருடைய கோட்டை ஏழாம் வரிசைக்குள் புகுந்தது. 31ஆம் நகர்வில் ஏ7 சிப்பாயை வெட்டினார். ஒரு சிப்பாய் மேல். குதிரை, மந்திரி என்ற சின்னக் காய்கள் எல்லாம் அடுத்த சில நகர்வுகளில் மாறிவிட்டன. ஆளுக்கு ஒரு கோட்டை மிச்சம். பலர் வீட்டுக்குக் கிளம்பியது இந்தக் கட்டத்தில்தான். "முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனவர்களே மறுநாள் முடிவைக் கேட்டுத் திகைத்து, விட்டுக் கொடுத்திருப்பார் என்று தாங்களாகவே ஒரு கதையைக் கட்டிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

பெரியவர் அடுத்த இருபது நகர்வுகளில் செய்ததை, கழகத்துப் பிள்ளைகள் எல்லாரும் குறிப்புத் தாளிலிருந்து பலகையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சிப்பாய் குறைவாக இருப்பவர் சிப்பாய்களை மாற்ற வேண்டும், காய்களை மாற்றக் கூடாது. கூடுதலாக இருப்பவர் அதற்கு நேர்மாறாக, காய்களை மாற்ற வேண்டும், சிப்பாய்களைப் பலகையில் காப்பாற்ற வேண்டும். சிப்பாய் ராணியாவதற்கான விதை. விதை குறையக் குறைய வெற்றிக்கான வழியும் குறையும். இது எல்லாப் பயிற்சியாளர்களும் முதல் மாதத்திலேயே சொல்லித் தரும் பாடம். பெரியவர் கிடைத்த ஒவ்வொரு வாய்ப்பிலும் ஒரு சிப்பாய்க்கு ஒரு சிப்பாய் என்று மாற்றினார். வாத்தியார் கோட்டைகளை மாற்ற முயன்ற ஒவ்வொரு முறையும் மறுத்து, கோட்டையை அடுத்த நெடுவரிசைக்கு நகர்த்தினார். 52ஆம் நகர்வு முடிந்தபோது வெள்ளைக்கு ராஜா, கோட்டை, ஈ5இலும் ஜி3இலும் சிப்பாய்கள். கறுப்புக்கு ராஜா, கோட்டை, எச்6இல் ஒரு சிப்பாய். மொத்தம் ஏழே காய்கள்.

56ஆம் நகர்வில் வாத்தியார் ஜி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ஜி4இல் வைத்தார். பார்ப்பதற்கு முன்னேற்றம்தான். ஆனால் பெரியவர் உடனே எச்6 சிப்பாயை எச்5க்குத் தள்ளினார். வாத்தியார் அதை வெட்ட, வெட்டிய சிப்பாயைப் பெரியவரின் கோட்டை வெட்டியது. 57 நகர்வுகள் முடிந்தன. பலகையில் மிஞ்சியவை இரண்டு ராஜா, இரண்டு கோட்டை, மூன்றாம் நகர்விலிருந்து ஈ5 கட்டத்திலேயே நிற்கும் அந்த ஒற்றைச் சிப்பாய்.

இங்கிருந்துதான் உண்மையான ஆட்டம்.

கோட்டையும் சிப்பாயும் ஒரு பக்கம், கோட்டை மட்டும் மறுபக்கம் என்ற இந்த முடிவாட்டத்தைத் தற்காக்கும் முறையை 1777ஆம் ஆண்டு விளக்கியவர் ஃபிலிடோர் என்ற பிரெஞ்சுக்காரர். பிழைப்புக்கு இசை நாடகங்கள் இயற்றியவர். அந்தக் காலத்து ஐரோப்பாவில் அவரை வெல்ல ஆள் இல்லை என்பார்கள். முறை இதுதான்: கறுப்பு ராஜா, சிப்பாய் ராணியாகப் போகும் கட்டத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்ள வேண்டும். கறுப்புக் கோட்டை ஆறாம் வரிசையில் நின்று, வெள்ளை ராஜா அந்த வரிசையில் காலெடுத்து வைக்க முடியாதபடி காவல் காக்க வேண்டும். பிறகு? பிறகு எதுவும் செய்யக் கூடாது. அந்த வரிசையிலேயே கோட்டையை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும். வெள்ளை பொறுமை இழந்து சிப்பாயை ஆறாம் வரிசைக்குத் தள்ளிய அதே நகர்வில், கறுப்புக் கோட்டை பலகையின் மறுகோடிக்கு ஓடிப்போய், பின்னாலிருந்து செக் வைக்கத் தொடங்க வேண்டும். முன்பு வெள்ளை ராஜா ஒளிந்துகொள்ளக்கூடிய இடமாக இருந்த கட்டத்தில் இப்போது அதன் சொந்தச் சிப்பாயே நிற்கிறது. ராஜாவுக்கு மறைவிடம் இல்லை. செக்குகளுக்கு முடிவும் இல்லை.

எழுதிப் படிக்கும்போது எளிமையாகத்தான் இருக்கிறது. பலகையில் எவ்வளவு குறுகலானது என்பதைக் காட்ட ஒரு நிலையைச் சொல்கிறேன். வெள்ளை ராஜா டி5, சிப்பாய் ஈ5, கோட்டை எச்7. கறுப்பு ராஜா ஈ8, கோட்டை ஆறாம் வரிசையில். அந்த வரிசையின் எட்டுக் கட்டங்களில் கறுப்புக் கோட்டை எங்கெல்லாம் நிற்கலாம்? சி6, டி6, ஈ6 மூன்றிலும் வெள்ளை ராஜா வெட்டிவிடும். எஃப்6இல் வைத்தால் சிப்பாய் வெட்டும். எச்6இல் வைத்தால் கோட்டை வெட்டும். மிஞ்சுவது ஏ6, பி6, ஜி6 என்ற மூன்றே கட்டங்கள். வாத்தியார் கோட்டையை பி7க்கு மாற்றினால் அந்த மூன்றில் பி6 போய், எச்6 வரும். கோட்டையை விட்டுவிட்டு ராஜாவை சி5க்கு நகர்த்தினாலும் பி6 ஆபத்தாகும். ஒவ்வொரு நகர்விலும் பாதுகாப்பான கட்டங்களின் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு முறை பழைய பட்டியலை நினைத்துக்கொண்டு கையை வைத்தால் கோட்டை போய்விடும். தொட்ட காயை நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

பெரியவர் ஒவ்வொரு முறையும் வலது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, ஆறாம் வரிசையை ஏ கட்டத்திலிருந்து எச் கட்டம் வரை கண்ணாலேயே ஒரு முறை நடந்துவிட்டு, அதன் பிறகே கையைத் தூக்கினார். விடை தெளிவாகத் தெரிந்த இடத்திலும் அப்படித்தான். 30 வினாடியில் இருபத்தைந்து வினாடி போகும். கடிகாரத்தில் அவருக்கு நேரம் பெரிதாகக் கூடவுமில்லை, குறையவுமில்லை. கொதிகலன் அறையில் ஒவ்வொரு மணிக்கும் அழுத்தத்தைப் பதிவேட்டில் எழுதிய பழக்கம் என்று எனக்குப் பட்டது. நேற்றும் அதே எண்தான், இன்றும் அதே எண்தான், ஆனாலும் போய்ப் பார்க்காமல் எழுதக் கூடாது.

அவருக்கு இந்த நிலை எப்படித் தெரிந்தது என்று பலர் கேட்டார்கள். கழகத்துக்கு வருகிறவர்களுக்கு விடை தெரியும். சனிக்கிழமைகளில் மற்றவர்கள் வந்து சேர்வதற்கு முன்பே அவர் வந்து, மூலையிலிருக்கும் பலகையில் இந்த ஐந்து காய்களை மட்டும் அடுக்கிவைத்துவிட்டு, இரண்டாம் படிவம் படிக்கும் ஒரு மாணவியைக் கூப்பிடுவார். "பாப்பா, நீ வெள்ளை, என்னை ஜெயிச்சுக் காட்டு" என்பார். அவள் புதிது புதிதாக எதையாவது முயல்வாள். தொடக்கத்தில் அவள்தான் பெரும்பாலும் வென்றாள். பிறகு வெல்ல முடியாமல் சலித்துப்போய், "தாத்தா, வேற ஏதாவது ஆடலாம்" என்று கெஞ்சத் தொடங்கினாள். எங்களில் யாரும் அந்த மூலையைப் பெரிதாகக் கவனித்ததில்லை. திறப்பு நகர்வுகளைக் கைப்பேசியில் மனப்பாடம் செய்வதில்தான் எல்லாருக்கும் ஆர்வம்.

61ஆம் நகர்விலிருந்து 83ஆம் நகர்வு வரை வாத்தியார் எல்லாவற்றையும் முயன்றார். கோட்டையைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்தார், பின்னாலிருந்து கொண்டுவந்தார், ராஜாவை மறுபக்கம் சுற்றிக்கொண்டு வரப் பார்த்தார். எஞ்சியிருந்த பார்வையாளர்கள் இப்போது கட்சி மாறி, "வயசான மனுசனை ஏன் இப்படிப் போட்டு வதைக்கிறாரு, கையைக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே" என்று முணுமுணுத்தார்கள். ஒரே ஆளை ஒரே போட்டியில் இரக்கமற்றவர் என்றும் இரக்கப்பட்டு விட்டுக் கொடுத்தவர் என்றும் சொல்ல எங்கள் ஊராரால்தான் முடியும்.

வாத்தியார் தொடர்ந்து ஆடியதுதான் மரியாதை என்று நான் நினைக்கிறேன். சமன் என்று கோட்பாட்டில் இருக்கும் நிலையும் பலகையில் ஒருவர் ஆடிக் காட்டினால்தான் சமன். 2013 நவம்பரில் சென்னையில் நடந்த உலக வாகையர் போட்டியில், சொந்த ஊர் மக்களின் முன்னால், விசுவநாதன் ஆனந்த் ஐந்தாம் ஆட்டத்திலும் ஆறாம் ஆட்டத்திலும் அடுத்தடுத்து கார்ல்சனிடம் தோற்றதும் கோட்டை முடிவாட்டங்களில்தான். எங்களுக்குப் பக்கத்திலேயே, சிங்கப்பூரில், 2024 டிசம்பர் 12ஆம் தேதி நடந்ததை இந்தக் கழகத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பதினான்காம் ஆட்டம், குகேஷுக்கு ஒரே ஒரு சிப்பாய் கூடுதல், ஆளுக்கு ஒரு கோட்டை, ஒரு மந்திரி, சமன் செய்தால் வாகையர் டிங் லிரேன் துரித ஆட்டங்களுக்குப் போயிருக்கலாம். 55ஆம் நகர்வில் அவர் கோட்டையை எஃப்2க்கு நகர்த்தினார். குகேஷ் கோட்டையை மாற்றினார், மந்திரியையும் மாற்றினார். வெறும் சிப்பாய் முடிவாட்டம் தோல்வி. பதினெட்டு வயதில் ஒருவர் உலக வாகையர் ஆனதற்கு, சமனாக இருந்த ஆட்டத்தை "எப்படியும் டிராதானே" என்று அவர் முன்கூட்டியே முடித்துக்கொள்ளாததும் ஒரு காரணம். உலக வாகையருக்கே நிரூபிக்க வேண்டிய கடமை இருக்கும்போது, பெரியவரை நிரூபிக்கச் சொல்வது எப்படி வதை ஆகும்? வாத்தியார் 61ஆம் நகர்விலேயே கை கொடுத்திருந்தால்தான் "விட்டுக் கொடுத்தார்" என்ற பேச்சுக்குக் கொஞ்சமாவது இடம் இருந்திருக்கும்.

84ஆம் நகர்வில், வேறு எதுவும் மிச்சமில்லை என்ற நிலையில், வாத்தியார் சிப்பாயை ஈ6க்குத் தள்ளினார். பெரியவர் இம்முறை இருபத்தைந்து வினாடி எடுத்துக்கொள்ளவில்லை. பி6இலிருந்த கோட்டை அடுத்த நொடியே பி1இல் இருந்தது. வெள்ளை ராஜா டி6க்கு வந்து, எச்8இல் செக்மேட் என்று மிரட்டியது. கோட்டை டி1இலிருந்து செக். ராஜா ஈ5, கோட்டை ஈ1இலிருந்து செக். ராஜா எஃப்6, கோட்டை எஃப்1இலிருந்து செக். ராஜா திரும்ப ஈ5. கோட்டை திரும்ப ஈ1. ராஜா டி6, கோட்டை டி1. ராஜா மீண்டும் ஈ5.

90ஆம் நகர்வு. பெரியவர் கோட்டையைத் தொடவில்லை. குறிப்புத் தாளில் கோட்டை ஈ1, செக் என்று எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி, "இந்த நகர்வு வெச்சா மூணாவது தடவை ஐயா, டிரா கேட்கிறேன்" என்றார். ஒரே நிலை மூன்றாம் முறை வரப்போகும்போது சமன் கோர, விதி கேட்பது அச்சு அசலாக இதைத்தான்: நகர்வைத் தாளில் எழுத வேண்டும், பலகையில் வைக்கக் கூடாது, நடுவரிடம் அறிவிக்க வேண்டும். பெரிய போட்டிகளில்கூட அவசரப்பட்டு நகர்வை வைத்துவிட்டுப் பிறகு கேட்டு உரிமையை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடிகாரத்தை நிறுத்திவிட்டு, இருவரின் தாள்களையும் வைத்து வேறொரு பலகையில் ஆடிப் பார்த்தேன். 86ஆம் நகர்வுக்குப் பிறகு ஒரு முறை, 88ஆம் நகர்வுக்குப் பிறகு ஒரு முறை, இப்போது மூன்றாம் முறை. ஒவ்வொரு முறையும் அடுத்து நகர்த்த வேண்டியவர் வெள்ளை. கோரிக்கை தவறாக இருந்திருந்தால் வாத்தியாருக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுத்திருப்பேன். சரியாக இருந்தது. அரை, அரை என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

எங்கள் கழகப் போட்டி ஃபிடேயில் பதிவாவதில்லை. பதிவாகியிருந்தால், எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களுக்கான 20 என்ற கெழுவால் பெருக்கினால், பெரியவருக்கு 8.4 புள்ளி ஏறியிருக்கும், வாத்தியாருக்கு அதே 8.4 இறங்கியிருக்கும். தன்னுடைய புள்ளியை இப்படி யாரும் தானம் செய்வதில்லை. அதைவிட, மேசைக்கு எதிரே இருந்த வாத்தியாரின் காது மடல் சிவந்திருந்ததைப் பார்த்த எவரும் விட்டுக் கொடுத்தார் என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

ஆனால் அவர் எழுந்து போகவில்லை. அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டிய நல்ல விஷயம் இது. கை கொடுத்த கையோடு, "அண்ணே, எங்கே தவற விட்டேன்?" என்று கேட்டு, காய்களை மறுபடியும் அடுக்கினார். ராணிகளை மாற்றியதுதான் என்று நான் சொன்னேன். அந்த மாணவி 31ஆம் நகர்வில் ஏ7 சிப்பாயை வெட்டியிருக்கக் கூடாது என்றாள். பெரியவர் இரண்டையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டி, எச்6 சிப்பாயை விரலால் தொட்டுக் காட்டினார். "நீங்க ஜி சிப்பாயத் தள்ளாம இருந்திருந்தா எனக்கு இதை மாத்த வழியே இல்ல வாத்தியாரே. அது மூணுல நிக்கிற வரைக்கும் எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு."

அன்றிரவு வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தேன். ஏழு காய் வரையிலான எல்லா நிலைகளுக்கும் இறுதி முடிவைக் கணக்கிட்டு வைத்திருக்கும் தரவுத்தளம் இப்போது எல்லாருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. 55ஆம் நகர்வுக்குப் பிறகான நிலையைக் கொடுத்தேன்: வெள்ளைக்கு வெற்றி. ஜி4 வைத்த பிறகான நிலையைக் கொடுத்தேன்: சமன். அந்த ஒரு கட்டத்தைத் தவிர, அதன் பிறகு 90ஆம் நகர்வு வரை இருவரில் யாருடைய எந்த நகர்வாலும் அந்தத் தீர்ப்பு மாறவில்லை. ராணிகளைப் பற்றி நான் சொன்னதைக் கணினி பொருட்படுத்தவே இல்லை. நான் இன்னும் விட்டுக் கொடுப்பதாக இல்லை.

தரவுத்தளம் காட்டியதை வாத்தியாருக்குப் புலனத்தில் அனுப்பினேன். "அண்ணன் சொன்னது சரி" என்று பதில் வந்தது. போட்டியின் இரண்டாம் பாதியில் இவர்கள் இருவரும் மறுபடியும் மோத வேண்டும். அப்போது பெரியவருக்கு வெள்ளை. அதற்குள் கோட்டை முடிவாட்டங்களுக்கென்று சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கலாம் என்று வாத்தியாரே கேட்டிருக்கிறார், வகுப்பைப் பெரியவர் நடத்துவதாக இருந்தால். பெரியவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. தனக்கு ஒரு நிலைதான் தெரியும், ஒரு மணி நேரத்துக்கு அது போதாது என்கிறார்.